கரும்பு வயலில் புதைந்த பாட்டன் டாங்கிகள்

தண்ணீர் பாய்ந்த கரும்புத் தோட்டத்தில் தெரியாமல் டிராக்டரை இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்பது அமராவதிப் பாசனத்து மாணவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடுமலை, மடத்துக்குளம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சக்கரம் சுழலும், சேறு பறக்கும், வண்டி மட்டும் நகராது. முறுக்க முறுக்க இன்னும் ஆழமாக இறங்கும். டிராக்டரின் எடை இரண்டு டன் சொச்சம்தான். அதே வயலில் 46 டன் எடையுள்ள வண்டி ஒன்று இறங்கினால்? ஒன்றல்ல, வரிசையாகப் பல இறங்கினால்?

1965-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பஞ்சாபில் இது உண்மையாகவே நடந்தது. இறங்கியவை பாட்டன் டாங்கிகள். அமெரிக்காவில் செய்து பாகிஸ்தானுக்குக் கொடுக்கப்பட்டவை. அந்தக் காலத்தில் உலகின் சிறந்த டாங்கிகளுள் ஒன்றாக மதிக்கப்பட்டவை. அவற்றை எதிர்த்து நின்ற இந்தியத் தரப்பிலோ, ஒரு படைப்பிரிவிடம் மட்டுமே அவற்றுக்குச் சமமான டாங்கிகள் இருந்தன. மற்றவை இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பழைய ஷெர்மன்களும், 15 டன் எடையுள்ள ஏ.எம்.எக்ஸ்-13 என்னும் பிரெஞ்சு இலகு டாங்கிகளும்தாம். ஆனால் மூன்று நாளில் போரின் முடிவு தலைகீழாயிற்று. எப்படி?

இதற்கு விடை தேட முதலில் இரு தரப்பின் டாங்கிகளையும் அருகருகே நிறுத்தி அளந்து பார்ப்போம்.

தாளில் யார் பெரியவர்?

பாட்டன் வகையில் எம்-47, எம்-48 என்ற இரண்டும் பாகிஸ்தானிடம் இருந்தன. ஏறக்குறைய 46 டன் எடை. 90 மி.மீ. பீரங்கி. 810 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் எஞ்சின். நல்ல சாலையில் மணிக்கு 48 கி.மீ. வேகம். இந்தியாவின் செஞ்சூரியன் பிரிட்டனில் செய்யப்பட்டது. எடை 50 டன்னுக்கும் மேல், எஞ்சினோ 650 குதிரைத்திறன்தான். ஆகவே வேகம் மணிக்கு 35 கி.மீ. அளவே. அதன் பீரங்கியின் வாய் அகலம் சுமார் 84 மி.மீ.

கவசத்திலும் பாட்டனே முந்துகிறது. இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். எம்-47-இன் முன்புறத் தகட்டின் கனம் ஏறத்தாழ 100 மி.மீ. அது செங்குத்தாக நிற்கவில்லை. செங்குத்துக் கோட்டிலிருந்து 60 பாகை பின்னால் சாய்ந்திருக்கிறது. வாழைக்காயை நேராக நறுக்கினால் வட்ட வில்லை கிடைக்கும். சாய்வாக நறுக்கினால் நீண்ட வில்லை கிடைக்கும். காய் ஒன்றே, கத்தி கடக்கும் தூரம்தான் கூடுகிறது. அதுபோல, கிடையாக வரும் குண்டு சாய்ந்த தகட்டைத் துளைக்கக் கடக்க வேண்டிய தூரம், தகட்டின் கனத்தைச் சாய்வுக் கோணத்தின் கோசைனால் வகுத்தால் வரும். 60 பாகையின் கோசைன் அரை. எனவே 100 மி.மீ. தகடு 200 மி.மீ. தகடாக வேலை செய்கிறது! செஞ்சூரியனின் முன் தகடு 76 மி.மீ., சாய்வு 57 பாகை. கணக்குப் போட்டால் சுமார் 140 மி.மீ. வரும்.

இதோடு நிறுத்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னால் பாட்டனுக்குத்தான் மாலை போட வேண்டும். ஆனால் இந்த அளவு முன்புறத்துக்கு மட்டுமே. பாட்டனின் பக்கவாட்டுத் தகடு 51 முதல் 76 மி.மீ. வரைதான், பெரும்பாலும் சாய்வும் இல்லை. முகத்துக்கு முகம் நின்றால் 200. பக்கத்தைக் காட்டினால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட எட்டாது பல இடங்களில். எந்த டாங்கிக்கும் இது பொருந்தும். சுற்றிலும் சமமாகக் கவசம் போட்டால் வண்டி நகரவே முடியாத எடை வந்துவிடும்.

ஆக, இந்தப் பழைய டாங்கிகளை வைத்திருந்தவர்களுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. பாட்டன்கள் தம் பக்கவாட்டைக் காட்டும்படி செய்ய வேண்டும்.

அசல் உத்தர்

செப்டம்பர் 8-ஆம் தேதி வாக்கில் பாகிஸ்தானின் முதலாவது கவசப் படை, எல்லையை ஒட்டிய கேம்கரன் ஊரைத் தாண்டி வடக்கே பாய்ந்தது. இந்தியாவின் 4-வது மலைப் படை பின்வாங்கி, சில கிலோமீட்டர் தள்ளி அசல் உத்தர் என்னும் சிற்றூரைச் சுற்றி நின்றது. படைத் தலைவர் மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங். (ஊர்ப் பெயரைக் கவனியுங்கள். 'அசல்' நாம் அன்றாடம் வழங்கும் சொல். 'உத்தர்' என்றால் பதில். 'சரியான பதில்' என்று பொருள் கொண்டு வடநாட்டில் பிறகு பலரும் பேசி மகிழ்ந்தார்கள். ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் டாங்கியைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள்.)

நிலையைக் குதிரை லாடம் போல வளைவாக அமைத்தார்கள். லாடத்தின் திறந்த வாய் எதிரி வரும் பக்கம். இரு கரங்களிலும் வளைவிலும் உயர்ந்த கரும்புக்குள்ளே டாங்கிகளும் பீரங்கிகளும் மறைந்திருந்தன. லாடத்துக்குள் நுழைந்த எந்த வண்டியும் எந்தத் திசையில் முகத்தைத் திருப்பினாலும் வேறு ஒருவருக்குப் பக்கவாட்டைக் காட்டியே ஆக வேண்டும். வடிவ கணிதம் படிக்கும் மாணவர்கள் தாளில் ஒரு லாடம் வரைந்து, உள்ளே ஒரு செவ்வகத்தை வைத்துத் திருப்பிப் பார்க்கலாம்.

கால்வாய்க் கரையை உடைத்துத் தாழ்வான வயல்களில் தண்ணீரும் பாய்ச்சப்பட்டது. இங்கேதான் டிராக்டர் கதை வருகிறது.

அழுத்தம் என்பது எடையைப் பரப்பால் வகுத்தால் வருவது. டாங்கிக்குச் சக்கரத்தின்மேல் சங்கிலிப் பட்டை போடுவதே பரப்பைக் கூட்டத்தான். எம்-47-இன் ஒரு பட்டை சுமார் 60 செ.மீ. அகலம், தரையில் படியும் நீளம் 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பட்டைக்கும் சேர்த்து ஏறக்குறைய 47,000 சதுர செ.மீ. 46,000 கிலோவை இதனால் வகுத்தால் ஒரு சதுர செ.மீ.-க்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. நீங்கள் ஒற்றைக் காலில் நின்றால் எவ்வளவு? கட்டத்தாளில் பாதத்தை வைத்துக் கோடு வரைந்து கட்டங்களை எண்ணிப் பாருங்கள். 50 கிலோ எடையும் 200 சதுர செ.மீ. பாதமும் என்றால் கால் கிலோதான். நீங்கள் கணுக்கால் அளவு இறங்கும் சேற்றில் நான்கு மடங்கு அழுத்தமுள்ள வண்டி எவ்வளவு இறங்கும்! டாங்கியின் அடிவயிறு தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலேயே இருக்கிறது. வயிறு சேற்றைத் தொட்டுவிட்டால் பட்டை வீணாகச் சுற்றும். 810 குதிரைத்திறனும் சேற்றைக் கடையத்தான் பயன்படும்.

செஞ்சூரியனும் இதில் ஒன்றும் மேல் இல்லை. அதன் அழுத்தமும் ஏறக்குறைய இதே அளவுதான். அதைத் தண்ணீரில் இறக்கியிருந்தால் அதுவும் புதைந்திருக்கும். ஆனால் அது இறங்கவில்லை, காத்திருந்தது. காத்திருப்பவனுக்கு எந்த வயலில் தண்ணீர் நிற்கிறது என்பது தெரியும். வருபவனுக்குத் தெரியாது.

கண்ணும் கரும்பும்

பாட்டனிடம் இருந்த இன்னொரு பெரிய சொத்து, தொலைவுமானி. கட்டை விரலை நீட்டிப் பிடித்து இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடுங்கள். விரல் தாவுவது போல் தெரிகிறதல்லவா? விரல் அருகில் இருந்தால் அதிகம் தாவும், தூரத்தில் இருந்தால் குறைவாகத் தாவும். இந்தத் தாவலை அளந்தால் தூரம் தெரியும். பாட்டனின் சுழல் கோபுரத்தின் குறுக்கே, இரண்டு பக்கமும் ஒரு கண்ணாடி வில்லை வைத்து, கண்களின் இடைவெளியை மீட்டர் கணக்கில் பெருக்கியிருந்தார்கள். அருமையான கருவி. இந்தியச் செஞ்சூரியன்களில் இது இல்லை. கண்ணால் பார்த்து உத்தேசமாகத் தூரம் சொல்ல வேண்டியதுதான்.

உத்தேசம் தவறினால் என்ன நட்டம்? இதையும் கணக்கிட்டுவிடலாம். செஞ்சூரியனின் கவசம் துளைக்கும் குண்டு ஒரு தனி வகை. உள்ளே கடினமான டங்ஸ்டன் கார்பைடுக் கரு; வெளியே இலேசான உறை. பீரங்கி வாயைத் தாண்டியதும் உறை கழன்று விழுந்துவிடும்; கரு மட்டும் நொடிக்கு 1,400 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் போகும். ஒலியைப் போல நான்கு மடங்கு வேகம். காற்றின் தடையை இப்போதைக்கு மறந்துவிட்டு 1,400 என்றே வைத்துக்கொள்வோம்.

எதிரி உண்மையில் 800 மீட்டரில் இருக்கிறான். சுடுபவர் 600 என்று தவறாக எண்ணுகிறார். கால் பங்கு பிழை. 600 மீட்டருக்குள் குண்டு புவியீர்ப்பால் விழும் ஆழம் 0.9 மீட்டர். அதற்கேற்பப் பீரங்கியைச் சற்று உயர்த்திச் சுடுகிறார். 800 மீட்டர் போவதற்குள் குண்டு 1.6 மீட்டர் விழும். அவர் கொடுத்த உயர்வோ அங்கே 1.2 மீட்டருக்குத்தான் காணும். ஆகக் குண்டு 40 செ.மீ. கீழே படும். டாங்கியின் உயரம் மூன்று மீட்டர்! நடுவைக் குறி வைத்தால் 40 செ.மீ. தவறினாலும் அடி விழும்.

இதே கால் பங்குப் பிழை 2,000 மீட்டரில் நேர்ந்தால், அதாவது 1,500 என்று தவறாக எண்ணினால்? அப்போது குண்டு இரண்டரை மீட்டர் தாழ்ந்து, டாங்கிக்கு முன்னால் மண்ணில் புதையும். (½ × 9.8 × நொடியின் வர்க்கம் என்ற வாய்பாட்டைக் கொண்டு நீங்களே சரிபார்க்கலாம்.)

தொலைவுமானியின் அருமை தொலைவில்தான் என்பது இதிலிருந்து விளங்கும். கரும்பு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த வயலில் சில நூறு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தெரிந்த கணமே சுட வேண்டும். கண்ணாடிக்குள் பார்த்து, இரு காட்சிகளைப் பொருத்தி, அளவு படிக்கும் நேரம் அங்கே இல்லை. அதற்கு நீண்ட பழக்கமும் வேண்டும். திருப்பூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு வேறு உதாரணம் தேவையில்லை. 24 கேஜ் பின்னல் இயந்திரம் உயர்ந்த இயந்திரம்தான். அதில் பத்தாம் நம்பர் தடி நூலைக் கோத்து ஓட்டினால் ஊசிதான் உடையும். குற்றம் இயந்திரத்திலா, நூலிலா? இரண்டிலும் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது.

ஜீப்பின் மேல் ஒரு குழாய்

டாங்கியைத் தடுக்க டாங்கிதான் வேண்டுமென்பதில்லை. 4-வது கிரனேடியர் படையைச் சேர்ந்த ஹவில்தார் அப்துல் ஹமீது ஒரு ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பில்லாப் பீரங்கியைக் கொண்டு பல பாட்டன்களைத் தகர்த்தார். உத்தரப் பிரதேசத்தில் காஜிப்பூர் மாவட்டத்துத் தாமுப்பூர் கிராமத்தவர். தந்தை தையல்காரர். இராணுவத்தில் சேரும் வரை ஹமீதும் தந்தையுடன் துணி தைத்தவர்தான்.

நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, குண்டு முன்னே போனால் பீரங்கி பின்னே உதைக்க வேண்டும். அந்த உதையைத் தாங்கத்தான் பெரிய பீரங்கிக்குக் கனத்த வண்டி வேண்டியிருக்கிறது. இந்தப் பீரங்கியின் பின்புறத்திலோ திறப்புகள் இருக்கின்றன. வெடிமருந்தின் வாயுவில் ஒரு பகுதி பின்னாலும் பாய்கிறது. முன்னே செல்லும் குண்டின் உந்தமும் பின்னே செல்லும் வாயுவின் உந்தமும் ஈடாகிவிட, பீரங்கி அசையாமல் நிற்கிறது. ஆகவே ஒரு ஜீப்பே அதைச் சுமக்கும். அதன் குண்டும் வேகத்தை நம்பியதல்ல. கூம்பு வடிவ உலோகத்தைச் சுற்றியுள்ள வெடிமருந்து வெடிக்கும்போது, கூம்பு நசுங்கி ஊசி போன்ற பீச்சாக மாறிக் கவசத்தைத் துளைக்கும். (இப்பீரங்கியை 106 மி.மீ. என்பார்கள். உண்மையில் அது 105 மி.மீ.தான்! முந்திய மாதிரியின் குண்டோடு குழம்பக்கூடாதென்று அமெரிக்கர்கள் ஒன்றைக் கூட்டிப் பெயர் வைத்துவிட்டார்கள்.)

ஆனால் பின்னால் பாயும் வாயு புழுதியைக் கிளப்பிச் சுட்டவர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சுட்டதும் இடம் மாற வேண்டும். ஜீப்புக்குக் கவசமும் கிடையாது. செப்டம்பர் 10-ஆம் தேதி எதிரியின் குண்டுக்கு ஹமீது இரையானார். பரம்வீர் சக்கரம் அவருக்கு மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டது.

அதே நாளில் பாட்டன்கள் லாடத்தைச் சுற்றிக்கொண்டு பின்புறம் வர முயன்றன. சுற்றிய வழியிலும் தண்ணீர். லெப்டினன்ட் கர்னல் சலீம் காலெப் தலைமையில் 3-வது குதிரைப்படையின் செஞ்சூரியன்கள் அங்கே காத்திருந்தன. பின்னாளில் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியான அருண் வைத்யா, இப்போரில் டெக்கான் குதிரைப்படையின் பழைய ஷெர்மன்களை நடத்தியவர். சேற்றில் நின்றுபோன பாட்டன்கள் பலவற்றை அவற்றின் வீரர்கள் அப்படியே விட்டு இறங்கினார்கள். இந்தியக் கணக்கின்படி பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் 97. கைப்பற்றியவற்றை பிக்கிவிண்ட் என்ற இடத்தில் வரிசையாக நிறுத்தியபோது, மக்கள் அதற்குப் 'பாட்டன் நகர்' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள்.

மறு பரிசோதனை

ஓர் ஆய்வில் ஒரு விடை வந்தால் அறிவியல் மாணவன் உடனே நம்பிவிடக்கூடாது. மறுபடி செய்து பார்க்க வேண்டும். 'பாட்டன் மட்டம், செஞ்சூரியன் உயர்வு' என்றோ, 'பாகிஸ்தான் வீரர்களுக்குப் பயிற்சி போதாது' என்றோ பலரும் எழுதிவிட்டார்கள். அது சரியென்றால் வேறு களத்திலும் அதே விடை வர வேண்டும்.

அதே செப்டம்பர் 8-ஆம் தேதி, வடக்கே சியால்கோட் பகுதியில் இந்தியாவின் முதலாவது கவசப் படை தாக்கிச் சென்றது. செஞ்சூரியன்கள் தாம் முன்னணி. அவற்றுள் ஒரு படைப்பிரிவு நமக்கு உறவு உடையது. 16-வது இலகு குதிரைப்படை, ஆர்க்காட்டு நவாபின் குதிரைப்படையாகத் தோன்றி, சென்னைப் படையில் வளர்ந்து, தென்னாட்டு வீரர்களைக் கொண்டு இயங்குவது. எதிரே இருந்தது பாகிஸ்தானின் 25-வது குதிரைப்படை, பாட்டன்களுடன். அது பரந்து நின்று, மறைந்திருந்து சுட்டு, தன்னைவிடப் பெரிய படையை அன்றைக்கு நிறுத்திவிட்டது. அதே பாட்டன்தான், இப்போது காத்திருந்தது அது!

மூன்று நாள் கழித்துப் பில்லோராவில் விடை மறுபடி மாறியது. அங்கே தாக்கிய செஞ்சூரியன்களே வென்றன. முன்பு முட்டிய வழியிலேயே மீண்டும் முட்டாமல், பக்கவாட்டிலிருந்து அணுகினார்கள். புனே குதிரைப்படையின் லெப்டினன்ட் கர்னல் தாராப்பூர் காயம்பட்டும் களத்தை விட்டுப் போக மறுத்தார். செப்டம்பர் 16 அன்று உயிர் நீத்தார். அவருக்கும் பரம்வீர் சக்கரம். ஆனால் அதற்கடுத்த சவிண்டாவை இந்தியப் படையால் கைப்பற்ற முடியவில்லை. கேம்கரன் ஊரும் போர் நின்ற நாள்வரை பாகிஸ்தான் வசமே இருந்தது. 1966-இல் தாஷ்கண்ட் உடன்பாட்டின்படிதான் திரும்பி வந்தது. பாட்டன் நகர்ப் படங்களைப் பார்த்துப் பெருமைப்படுகிறவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

நான்கு களங்கள், இரண்டே வகை முக்கிய டாங்கிகள், விடையோ களத்துக்குக் களம் வேறு. அப்படியானால் முடிவைத் தீர்மானித்த மாறி, தகட்டின் கனமோ பீரங்கியின் வாய் அகலமோ அல்ல. யார் யாருடைய பக்கவாட்டை முதலில் பார்த்தார்கள் என்பதுதான்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய விசித்திரம் இல்லை. 1940-இல் பிரெஞ்சுக்காரர்களின் ஷார் பி-1 டாங்கிக்கு 60 மி.மீ. கவசம், ஜெர்மனியின் பான்சர்-3-க்கு அதில் பாதி. ஆனால் பிரெஞ்சு டாங்கியின் கோபுரத்தில் ஒரே ஆள். அவரே எதிரியைத் தேட வேண்டும், குண்டு போட வேண்டும், சுட வேண்டும், வண்டிக்கும் கட்டளையிட வேண்டும். ஜெர்மன் கோபுரத்தில் மூவர் இருந்தார்கள். ஒருவருக்கு வேடிக்கை பார்ப்பதே வேலை! அந்த 'வேடிக்கை'தான் பக்கவாட்டைக் கண்டுபிடித்தது. வானொலி மூலம் அடுத்த வண்டிக்கும் சொன்னது.

ஆவடியில்

அசல் உத்தர் போர் நடந்த அதே 1965-இன் கடைசியில், சென்னையை அடுத்த ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயன். எடை 39 டன். பீரங்கி 105 மி.மீ. செஞ்சூரியனைவிட எடை குறைவு, அடி பெரிது. இதற்கு விலையாகக் கொடுத்தது கவசம். அதன் கனம் 80 மி.மீ. அளவே. எடை, கவசம், பீரங்கி மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று முனைகள். ஒன்றை இழுத்தால் இன்னொன்று சுருங்கும். 1980-களின் முற்பகுதி வரை இங்கே ஏறக்குறைய 2,200 விஜயந்தாக்கள் செய்யப்பட்டன.

பிறகு ஆவடியிலேயே உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையம் அர்ஜுன் டாங்கியை வடிவமைத்தது. எடை 58 டன்னுக்கும் மேல், 120 மி.மீ. பீரங்கி. கேம்கரனில் புதைந்த பாட்டனைவிட 12 டன் அதிகம். இவ்வளவு எடை என்றால் வயலில் இறங்கியதும் மறைந்துவிடுமே என்று தோன்றும். ஆனால் பட்டையை அகலமாக்கி, தரையில் படியும் நீளத்தையும் கூட்டியிருக்கிறார்கள். ஒரு சதுர செ.மீ.-க்கு அர்ஜுன் தரும் அழுத்தம் சுமார் 0.85 கிலோதான். எம்-47-ஐவிடக் குறைவு.